தொட்டியில் தண்ணீர் வடியவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் முறை

செடி வாடிக் கிடந்தால் நம் கை முதலில் வாளியைத்தான் தேடும். ஆனால் தண்ணீர் இல்லாமல் வாடும் செடியும், தண்ணீர் மிஞ்சி வேர் மூச்சுவிட முடியாமல் வாடும் செடியும் மேலுக்குப் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். இரண்டாவது வகைக்கு இன்னொரு செம்பு ஊற்றினால் அதோடு அது முடிந்தது. திருநெல்வேலிப் பக்கம் மாடித்தோட்டம் போடுபவர்கள் வீடுகளில் நான் பார்த்தவரை, காய்ந்து செத்த செடிகளைவிட அடியில் தண்ணீர் தேங்கிச் செத்தவைதான் அதிகம். இத்தனை வெயில் அடிக்கும் ஊரில் இது எப்படி என்று தோன்றும். வெயிலுக்குப் பயந்து இரண்டு வேளையும் ஊற்றுகிறோம். மண்ணோ வயலிலும் குளத்திலும் அள்ளி வந்தது. வயலில் அருமையாக விளையும் மண், ஒரு அடித் தொட்டிக்குள் வந்ததும் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டி எதைக் காட்டுகிறதோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அதற்கு முன் ஒரே ஒரு சோதனை மட்டும் செய்துவிடுங்கள்.

எதற்கும் முதலில் ஈர்க்குச் சோதனை

விளக்குமாற்றில் இருந்து தடித்த ஈர்க்கு ஒன்றை உருவுங்கள். தொட்டியின் ஓரமாக, அடி முட்டும்வரை மெதுவாகச் செருகி ஐந்து நிமிடம் விட்டு எடுத்துப் பாருங்கள். ஈர்க்கு முழுக்கக் காய்ந்து வந்தால் செடிக்குத் தாகம்தான், ஊற்றலாம். மேல்பாதி காய்ந்து அடிப்பாதியில் கருத்த சேறு ஒட்டிக்கொண்டு வந்தால் ஊற்றக் கூடாது. நுனியை முகர்ந்தும் பாருங்கள். நல்ல மண்ணில் மழை வாசம் வரும். காற்றில்லாமல் கெட்டுப்போன மண்ணில் கூமுட்டை நாற்றம் வரும். ஈர்க்கு உள்ளே இறங்கவே மறுத்தால் மண் இறுகிவிட்டது.

சித்திரை, வைகாசியில் உச்சிவெயிலுக்கு இலை தொங்கி, பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிட்டால் அது நோயில்லை. காலையில் எழுந்து பார்க்கும்போதே தொங்கிக்கொண்டிருந்தால்தான் கவனிக்க வேண்டும்.

ஊற்றிய தண்ணீர் மேலேயே நிற்கிறது

"எப்பா, ஊத்துன தண்ணி அப்படியே நிக்கி, உள்ள இறங்கவே மாட்டேங்கு" என்று எங்கள் தெருவில் ஒரு ஆச்சி சொன்னது இந்த அறிகுறிதான். இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம். எளிதானதில் இருந்து பாருங்கள்.

தொட்டியைச் சாய்த்து அடித் துளைக்குள் ஒரு கம்பியை விட்டுக் குடையுங்கள். தண்ணீர் கொட்டினால் துளை அடைத்திருந்தது, அவ்வளவுதான். சிமெண்டுத் தொட்டிகளில் வார்க்கும்போதே துளை பாதி மூடிப்போயிருக்கும். பெயிண்ட் வாளிக்கு ஆணியால் நாலு துளை போட்டு வைப்பார்கள். அது ஒரு மாதத்தில் வேரும் மண்ணும் சேர்ந்து அடைத்துவிடும். சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை வேண்டும். வாளியாக இருந்தால் அடிப்பாகத்தின் நடுவில் போடாமல், ஓரத்தைச் சுற்றி ஐந்தாறு போடுங்கள். வாளியின் அடி நடுவில் கொஞ்சம் மேலெழும்பி இருப்பதால் நடுத்துளை வழியாகக் கடைசித் தண்ணீர் போகாது.

துளை சரியாக இருந்தும் வடியவில்லை என்றால், தொட்டி தரையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். தட்டட்டியில் (மொட்டை மாடியில்) தட்டோடு பதித்த வழவழப்பான தளத்தில் கனமான தொட்டி அப்பிக்கொண்டால் துளை அடியில் மூடிப்போகும். உடைந்த செங்கல் மூன்றை முக்கோணமாகப் போட்டு அதன்மேல் தூக்கி வைத்தால் போதும். தளமும் பாழாகாது.

இரண்டும் இல்லையென்றால் மேல்மண்ணில் பொருக்குத் தட்டியிருக்கும். டியூபால் வேகமாக அடித்து ஊற்றினால் நுண்மண் கரைந்து படிந்து, காய்ந்ததும் ஏடாக இறுகும். ஒரு அங்குலம் கொத்திவிட்டு, மேலே காய்ந்த சருகையோ தேங்காய் நாரையோ பரப்புங்கள். அதன்மேல் தண்ணீர் விழுந்தால் மண் கரையாது. கொத்திவிட்டும் ஒரே வாரத்தில் பழையபடி ஆனால் கலவையே தப்பு. அதற்குக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

ஊற்றியதும் அடியில் ஓடிவிடுகிறது, செடி வாடுகிறது

இதைப் பார்த்து "நன்றாக வடிகிறது" என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். அது வடிகால் இல்லை. மண் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகி, அந்த இடுக்கு வழியாகத் தண்ணீர் ஓடுகிறது. உள்ளே வேர்க்கட்டி காய்ந்தபடியே இருக்கும்.

ஆனி, ஆடியில் இது அதிகம். தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் அடிக்கும் அதே நாட்களில், மலையின் மழைமறைவில் இருக்கும் பாளையங்கோட்டைக்கும் நாங்குநேரிக்கும் காற்று மட்டுமே வந்து சேர்கிறது. அந்தக் காற்று தொட்டி மண்ணை ஒரே பகலில் உலர்த்தும். கோவில்பட்டி, சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலைத் தொட்டியில் போட்டவர்களுக்கு இன்னும் மோசம். கரிசலில் உள்ள களி ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். காட்டில் அந்த வெடிப்பு மழைநீரை ஆழத்துக்குக் கொண்டுபோகிறது. தொட்டியிலோ தண்ணீரை நேராக வெளியே விட்டுவிடுகிறது.

உடனடி வழி: தொட்டியையே ஒரு அண்டாவில் இறக்கி, தொட்டியின் முக்கால் உயரத்துக்குத் தண்ணீர் நிரப்புங்கள். மண்ணில் இருந்து குமிழி வருவது நிற்கும்வரை விட்டு எடுத்து வடியவிடுங்கள். தூக்க முடியாத தொட்டி என்றால் ஓரத்து இடுக்கில் கலவையைத் தூவி நிரப்பி, கால் மணி நேர இடைவெளியில் மூன்று முறை சிறிது சிறிதாக ஊற்றுங்கள். அடுத்து மண் மாற்றும்போது தென்னை நார்க்கழிவைக் கூட்டி, களியைக் குறையுங்கள்.

மேலே காய்ந்திருக்கிறது, அடியில் சேறு

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. இதற்கு நம் ஊரில் செய்யும் வைத்தியமே நோயைக் கூட்டுகிறது.

ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். வாங்கி நட்டபோது நர்சரியில் சொன்னபடி அடியில் நாலு விரல் உயரத்துக்கு ஜல்லி போட்டிருந்தார்கள். ஜல்லிக்கு மேலே வேர் வந்து அப்படியே நின்றுவிட்டிருந்தது. அதற்கு நேர் மேலே இருந்த மண் சாம்பல் நிறத்தில் குழைந்து கிடந்தது, நாற்றம் தாங்கவில்லை. அதற்கும் மேலே மண் செக்கச்செவேல் என்று நன்றாகவே இருந்தது. கீழே இருந்த ஜல்லியோ அநேகமாகக் காய்ந்து கிடந்தது. அத்தனை ஜல்லிக்கு மேலும் தண்ணீர் ஏன் தொங்கிக்கொண்டு நின்றது?

மண்ணின் நுண்ணிய துளைகள் தண்ணீரைப் பிடித்து இழுத்து வைத்துக்கொள்ளும். ஜல்லிக்கு நடுவில் இருப்பதோ பெரிய இடைவெளிகள். சின்னத் துளையில் இருக்கும் தண்ணீர் பெரிய இடைவெளிக்குள் தானாக இறங்காது. மேலே மண் முழுக்கச் செறிந்து, இனிப் பிடிக்க முடியாது என்ற நிலை வந்த பிறகே சொட்டும். அதனால் எந்தத் தொட்டியிலும் அடியில் ஒரு ஈரப் படலம் வடியாமல் நின்றே தீரும். அதன் உயரம் தொட்டியின் உயரத்தைப் பொறுத்தது இல்லை, மண்ணின் பருமனைப் பொறுத்தது. பொடிமண்ணில் நாலு விரல் நிற்கலாம். கரடான கலவையில் ஒரு விரல்கூட நிற்காது. நீங்கள் அடியில் ஜல்லி போடும்போது அந்தப் படலம் மறைவதில்லை. ஜல்லிக்கு மேலே, வேருக்கு இன்னும் பக்கத்தில் ஏறிக்கொள்கிறது. வேருக்குக் கிடைக்க வேண்டிய மண்ணும் அந்த அளவுக்குக் குறைகிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் பாத்திரம் துலக்கும் புது ஸ்பாஞ்சை நன்றாக நனைத்துப் படுக்கைவாக்கில் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுத்து, பிழியாமல் அப்படியே செங்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் வடியும். தொட்டியும் அதே மாதிரிதான். ஒரே மண்ணை அகன்ற தட்டையான தொட்டியில் போட்டால் பாதி உயரம் சேறாக நிற்கும். உயரமான தொட்டியில் போட்டால் அந்தச் சேறு அடியில் ஒரு சிறு பங்காக ஒதுங்கிவிடும்.

இதில் இருந்து மூன்று வழிகள் கிடைக்கின்றன.

அவசரத்துக்கு: தண்ணீர் ஊற்றி வடிந்த பிறகு, ஓரத் துளை கீழே வரும்படி தொட்டியைச் சாய்த்து ஒரு செங்கலில் அரை மணி நேரம் முட்டுக்கொடுங்கள். எவ்வளவு தண்ணீர் இன்னும் வருகிறது என்று பார்த்தால் உங்களுக்கே வியப்பாக இருக்கும்.

கொஞ்ச நாளைக்கு: பருத்தித் துணியை முறுக்கித் திரியாக்கி, துளை வழியாக மண்ணுக்குள் ஒரு சாண் நுழைத்து, மீதியைத் தொட்டிக்குக் கீழே தொங்கவிடுங்கள். திரி அந்தப் படலத்தை இழுத்து வெளியே சொட்டவிடும். தொட்டி செங்கல் மேல் இருந்தால்தான் இது வேலை செய்யும்.

நிரந்தரத்துக்கு: அடியில் போட நினைத்த கரட்டுப் பொருளை மண்ணோடு முழுக்கக் கலந்துவிடுங்கள். துளைக்கு மேலே மண் கொட்டாமல் இருக்க ஒரு ஓட்டாஞ்சில்லைக் கவிழ்த்து வைக்கலாம், கொசுவலைத் துண்டும் போதும். அதற்குமேல் அடியில் எதுவும் வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கிறது, இலை மஞ்சளாகி வாடுகிறது

அடி இலைகள் முதலில் மஞ்சளாகும், புதுத்தளிர் சுருங்கும், சில செடிகளில் தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருக்கும். உரம் போடாதீர்கள். யூரியாக் கரைசல், மீன் அமிலம், பஞ்சகவ்யம், எதுவும் இப்போது வேண்டாம். செயலிழந்த வேரால் அதை எடுக்க முடியாது. சாணமும் மீனும் அந்தச் சேற்றில் இன்னும் அழுகும்.

செடியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெளுத்தோ இளந்தவிட்டு நிறத்திலோ விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை இரு விரலால் பிடித்து இழுத்தால் தோல் உரிந்து, உள்ளே நூல் மாதிரி நரம்பு மட்டும் கையில் வரும். அழுகியதை எல்லாம் சுத்தமான கத்தரியால் வெட்டிவிடுங்கள். வேர் போன அளவுக்கு மேலே கிளையையும் குறையுங்கள். பிறகு மீதி வேர் கொள்ளும் அளவுக்குச் சின்னத் தொட்டியில், கரடான புதுக் கலவையில் நட்டு நிழலில் வையுங்கள். பெரிய தொட்டிக்கு மாற்றினால் வேர் எட்டாத மண் எல்லாம் ஈரமாகவே கிடந்து மறுபடியும் அழுகும். பிச்சி, செம்பருத்தி, கறிவேப்பிலை இப்படிப் பிழைக்கும். பப்பாளி, கனகாம்பரம் இரண்டிலும் அழுகல் தண்டுக்கு ஏறிவிட்டால் எனக்கு நம்பிக்கை குறைவு. கனகாம்பரத்தில் நல்ல தண்டைக் கிள்ளிப் புதிதாக நட்டுக்கொள்வதே மேல்.

மண்மேல் வெள்ளைப் பொருக்கு, இலை நுனி கருகல்

ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீரின் வேலை இது. திசையன்விளை, உவரி, திருச்செந்தூர் கடலோரத்தில் கூடுதல். தண்ணீர் ஆவியாகிப் போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. ஒவ்வொரு முறையும் அடியில் கொஞ்சம் தண்ணீர் வெளியேறும் அளவுக்கு ஊற்றினால்தான் உப்பும் சேர்ந்து போகும். வடியாத தொட்டியில் அதற்கு வழியில்லை.

பொருக்கைச் சுரண்டி எடுத்துவிட்டு, மழைத்தண்ணீரோ தாமிரபரணிக் குழாய்த்தண்ணீரோ தொட்டியின் கொள்ளளவுக்கு இரண்டு பங்கு எடுத்து மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும், செடி மறுபடி உறிஞ்சக் கூடாது. மண்தொட்டியின் வெளிப்புறம் மட்டும் வெள்ளை பூத்தால் கவலை வேண்டாம். காருகுறிச்சி மண்தொட்டி போன்ற சுட்ட மண்ணின் சுவர் வழியாக ஈரமும் உப்பும் வெளியே கசிவது செடிக்கு நல்லது.

புதிதாக நட்டதிலேயே நுனி கருகினால் கழுவாத தென்னை நார்க்கழிவைச் சந்தேகப்படுங்கள். கட்டியை ஊறவைத்து, பிழிந்து, தவிட்டு நிறத் தண்ணீர் வெளிறும்வரை இரண்டு மூன்று தண்ணீர் மாற்ற வேண்டும்.

ஒரு வருஷத்தில் மண் பாதிக்கு இறங்கிவிட்டது

தொழு உரமும் நார்க்கழிவும் மக்கிக் கரைந்தால் இப்படி ஆகும். மேலே மண்புழு உரத்தை மட்டும் போட்டு நிரப்பாதீர்கள். அது மிக நுண்ணியது, இடைவெளிகளை அடைக்கும். கவிழ்த்து, கரட்டுப் பொருள் சேர்த்து மறுபடி நிரப்புங்கள். ஆவணி, புரட்டாசியில், மழைக்கு முன்னால் செய்துவிட்டால் நல்லது.

மழைக்காலத்தில் மட்டும் கெடுகிறது

ஐப்பசி, கார்த்திகையில் நாம் ஊற்றாமலே தொட்டி நிறையும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டித் தீர்த்த மாதிரி மழைக்கு எந்தக் கலவையும் ஈடு நிற்காது. வழக்கமான அடைமழையைத் தாங்க வைக்கலாம். மழை தொடங்கியதும் அடித்தட்டுகளை எல்லாம் எடுத்துவிடுங்கள். கொசு முட்டையிடுவதும் அதில்தான். மாடித் தண்ணீர் போகும் குழாய் வாயில் சருகு அடைக்காமல் பாருங்கள். கற்றாழை, அடீனியம் இரண்டையும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்துங்கள். மற்றவற்றைச் சாய்த்து வைக்கலாம்.

மண்ணைச் சுற்றிக் குட்டிக் கருப்புப் பூச்சி பறப்பதும், மேலே பச்சைப் பாசி படிவதும் மேல்மண் உலரவே இல்லை என்பதற்கு அடையாளம். ஊற்றுவதைக் குறைத்துக் கொத்திவிட்டால் இரண்டும் போய்விடும்.

சரி, கலவையில் என்ன போடுவது?

நமக்கு வேண்டிய கரட்டுப் பொருள் எல்லாம் நம் சீமையிலேயே கிடக்கிறது. அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அரிசி ஆலை உமியை வாங்கி, காற்றோட்டத்தைக் குறைத்துக் கருக்கி, சாம்பலாகும் முன் தண்ணீர் தெளித்து அணைத்தால் உமிக்கரி. எடை இல்லை, எளிதில் மக்காது, மாடிக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. ஆலைக் கொதிகலனில் வரும் வெளுத்த சாம்பல் வேறு. அது மாவு மாதிரி அடைத்துக்கொள்ளும், சுண்ணாம்புத்தன்மையும் அதிகம். பச்சை உமியை நிறையப் போட்டால் மக்கும்போது மண்ணில் உள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும்.

சூளையில் உடைந்த செங்கல்லை மொச்சைப்பயறு அளவுக்கு நொறுக்கி, தூசியைக் கழுவிவிட்டுச் சேர்க்கலாம். எம்-சாண்டை (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) அப்படியே போடாதீர்கள், சலித்து மேலே நிற்கும் குறுநொய் மட்டும் ஆகும். கடற்கரை மணல் வேண்டாம், உப்பு. தேரி (செம்மணல் மேடு) மண் பார்க்கச் செம்மண்தான், ஆனால் பெரும்பாலும் நுண்மணல். களிமண்ணோடு கொஞ்சம் மணல் சேர்த்தால் இளகும் என்று நினைப்பதும் தவறு: மணல் துகள்கள் களிக்குள் புதைந்து இன்னும் கெட்டியாகும். கரட்டுத்துகள்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் அளவுக்கு, பாதிக்கு மேல் இருந்தால்தான் நடுவில் காற்று நிற்கும். குளத்துக் கரம்பை (வண்டல்) சத்தானது. வயலுக்குப் போடுங்கள், தொட்டிக்கு ஆறில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம்.

காய்கறிக்கும் பூச்செடிக்கும் நான் சொல்வது: பாண்டுச் சட்டி அளவில் செம்மண் இரண்டு, கழுவிய நார்க்கழிவு இரண்டு, நன்கு மக்கிய தொழு உரம் ஒன்று, உமிக்கரி ஒன்று, செங்கல் நொறுக்கு ஒன்று. கற்றாழை, அடீனியத்துக்குச் செங்கல்லும் கரியும் சேர்ந்து பாதி இருக்கட்டும், தொழு உரம் ஒரு கைப்பிடி போதும்.

நடுவதற்கு முன் சோதியுங்கள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவின் அடியில் துளை போட்டு டேப் ஒட்டி, ஒரு லிட்டர் கலவையைத் தட்டி நிரப்புங்கள். மேலே தண்ணீர் மினுங்கும்வரை ஊற்றி, ஒரு மணி நேரம் ஊறவிட்டு, டேப்பை உரித்து வடியும் தண்ணீரை அளந்து பிடியுங்கள். வடிந்த அளவுதான் வேருக்குக் கிடைக்கும் காற்றின் அளவு. 100 முதல் 200 மி.லி. வந்தால் பெரும்பாலான செடிகளுக்குச் சரி. 50 மி.லி.கூட வரவில்லையா, இன்னும் செங்கல்லும் கரியும் சேர்த்து மறுபடி அளந்து பாருங்கள்.

கவிழ்த்த பழைய மண்ணைத் தூக்கி எறிய வேண்டாம். பாலித்தீன் விரிப்பில் பரப்பிச் சித்திரை வெயிலில் நன்றாகக் காயவிட்டு, வேரைப் பொறுக்கிவிட்டுச் சலித்துக்கொள்ளுங்கள். மேலே நிற்பதைக் கலவைக்குத் திருப்பி எடுக்கலாம். கீழே விழும் பொடியைத் தொட்டிக்குச் சேர்க்காமல் முருங்கைக்கோ வாழைக்கோ தரையில் போட்டுவிடுங்கள். வேர் அழுகிச் செத்த தொட்டியின் மண் மட்டும் காய்கறிக்குத் திரும்ப வேண்டாம். அந்தப் பூஞ்சை வெயிலில் முழுக்கச் சாகும் என்று நம்ப முடியாது.